பக்கத்துச் சீட்டு

தாணுமாலையன்: ...அதுக்காக இத வண்டின்னு சொல்லாதீங்க சாமி. குதிரையாக்கும் இது! நாலு காலையும் ஊணிக்கிட்டு நிக்குத நிப்பப் பாருங்க.

அனந்தபத்மநாபன்: குதிரைன்னா குதிரை. ஏறி உக்காந்து பாரும் ஓய். பாக்கறதுக்கு டிக்கெட் ஒண்ணும் கெடையாது.

ஜெபமலர்: ஏற வேண்டாம் சார். ஏறினா எறங்க மாட்டாங்க. அண்ணாச்சி, மொதல்ல அந்தப் பெரிய வண்டியப் பாப்போம், வாங்க.

தாணுமாலையன்: பெரிய வண்டி எங்க ஓடிப் போவுது சிஸ்டரே? அங்கனதான நிக்கும்... இருவது வருசமா அந்த எஸ்டேட்டு ஜீப்ப உருட்டுனவனுக்கு இந்த ஆசகூட இருக்கப்புடாதா?

அனந்தபத்மநாபன்: ரெண்டையும் நன்னா பாத்துக்கோங்கோ. ஆனா ஒண்ணு கேட்டேளா... மூணாறுக்காரா மூணு மணிக்கு லாரியோட வரா. நீங்க எத விடறேளோ, அத அவா ஏத்திண்டு போவா. மணி இப்பவே ஒண்ணரை.

ஜெபமலர்: அதுக்குள்ள முடிச்சிரலாம் சார். வெலதான் ரெண்டுக்கும் ஒண்ணுன்னு சொல்லிட்டீங்களே.

அனந்தபத்மநாபன்: ஆமா. பெரிசுக்கு வயசு ஜாஸ்தி, சின்னதுக்கு மவுசு ஜாஸ்தி. முதலாளி ரெண்டையும் ஒரே தட்டுல வெச்சுட்டார். ரிசார்ட்டுக்கு ரெண்டும் வேண்டாம். கடற்கரைல வண்டி ஓட்டப்படாதுன்னு உத்தரவு வந்தப்பறம் ரெண்டும் இந்த ஷெட்டுலதான் கெடக்கு. தொடச்சுத் தொடச்சு நான் ஓய்ஞ்சு போனேன்.

தாணுமாலையன்: இந்தச் சின்னவனுக்கு என்ன பேரு சாமி?

அனந்தபத்மநாபன்: குவாட். நாலு சக்கர மோட்டார் சைக்கிள்னு வெச்சுக்கும். கால ரெண்டு பக்கமும் போட்டு, ஹேண்டில் பாரப் பிடிச்சுண்டு ஓட்டணும். அந்தப் பெரிசுக்கு சைடு-பை-சைடுன்னு பேர். ஸ்டீரிங் உண்டு, பெல்ட்டு உண்டு, தலைக்கு மேல இரும்புக் கம்பிக் கூடு உண்டு. ரெண்டு பேர் பக்கத்துல பக்கத்துல உக்காரலாம். பின்னால சாமான் வைக்க ஒரு தொட்டி.

தாணுமாலையன்: ஆட்டோரிக்ஷாவுக்குக் குட்டி யான பொறந்த மாதிரி இருக்கு.

ஜெபமலர்: பழிக்காதீங்க அண்ணாச்சி. நமக்கு என்னத்துக்கு வண்டின்னு சாருக்குச் சொன்னீங்களா?

அனந்தபத்மநாபன்: சொன்னா... இல்ல, எனக்கு எப்படித் தெரியும்? எனக்கு ஒண்ணும் தெரியாது. சொல்லுங்கோ சிஸ்டர்.

ஜெபமலர்: வித்துராவுக்கு மேல செம்பகப்பாறை எஸ்டேட்டு சார். கீழ ஸ்டோர், டிஸ்பென்சரி எல்லாம் இருக்கு. நான் அங்க நர்சு. அதுக்கும் மேல மூணு கிலோமீட்டர் ஏறினா மேல் டிவிஷன். நாப்பத்திரெண்டு வீடு. ஜீப்பு அங்க ஏறாது. ஆளுக்கு முடியாம வந்தா நாற்காலியில வச்சுக் கட்டி நாலு பேரு சொமந்து எறக்கணும். மழைன்னா ரெண்டு மணிக்கூர்.

அனந்தபத்மநாபன்: பகவானே... நாற்காலியிலயா!

தாணுமாலையன்: அந்த நாற்காலியில ஒரு பிள்ளையே பொறந்திருக்கு சாமி. பிரஜின்னு பேரு, இப்ப ரெண்டு வயசு. பாதி வழியில தாய்க்காரி அஜிதாவுக்கு வலி வந்துட்டு. கொட்டு கொட்டுன்னு கொட்டுது மழ. கொடையப் பிடிச்சுக்கிட்டு நின்ன நா கண்ண இறுக்க மூடிக்கிட்டேன். இந்த சிஸ்டரு மூடல, கேட்டேளா? பாறையில முட்டு போட்டு இருந்து, 'கொடைய எனக்குப் பிடிக்காதீங்க அண்ணாச்சி, பிள்ளைக்குப் பிடிங்க'ன்னு ஒரு சொல்லு... அட, நா ஆம்பளன்னு சொல்லிக்கிட்டுத் திரியுதது அன்னையோட போச்சு.

ஜெபமலர்: பேச்ச மாத்தாதீங்க. வண்டி பாக்க வந்தோம்.

தாணுமாலையன்: பாத்துக்கிட்டுதான இருக்கேன். இந்த டயரத் தொடுங்க... பலூன் மாதிரி அமுங்குது!

அனந்தபத்மநாபன்: காத்து அஞ்சே அஞ்சு பவுண்டு. அதனாலதான் மணல்லயும் சேத்துலயும் புதையாது. கிளட்ச்சு கெடையாது. வலது கைப் பெருவிரலால இந்த லிவர அமுக்கினா போறும், வண்டி போகும்.

தாணுமாலையன்: பெருவிரலாலயா? காலுக்கு வேலையே இல்லியா? ஒருக்கா... ஒரே ஒருக்கா அந்தத் தென்னந்தோப்பு வர போய்ட்டு வாரேன் சாமி.

ஜெபமலர்: அண்ணாச்சி, மெதுவா... அண்ணாச்சி!

அனந்தபத்மநாபன்: போயாச்சு.

ஜெபமலர்: அம்பத்திரெண்டு வயசு சார் அவங்களுக்கு.

அனந்தபத்மநாபன்: இப்ப பாத்தா பன்னெண்டுன்னாக்கும் தோணறது... செத்த இங்க வாங்கோ. இன்னும் எத்தன நேரம் நான் உங்கள மொதல் தடவ பாக்கறவன் மாதிரி நிக்கணும்? எனக்குப் பொய் வராது சிஸ்டர். முன்னாடியே நாக்கு வழுக்கப் பாத்துது.

ஜெபமலர்: கொஞ்ச நேரம் சார். நானே சொல்றேன்.

அனந்தபத்மநாபன்: அந்த மனுஷருக்கு ஒண்ணுமே தெரியாதா?

ஜெபமலர்: தெரியாது. ஞாயித்துக்கிழமையானா தங்கச்சியப் பாக்கப் பேட்டைக்குப் போறேன்னு சொல்லிட்டு வந்தேன். எஸ்டேட்டுல சக்கரம் உருளுததுன்னாலே அண்ணாச்சிதான் சார். அவங்க மனசு நோகப்புடாது... வந்துட்டாங்க, வந்துட்டாங்க.

தாணுமாலையன்: சிஸ்டரே! ஏ சிஸ்டரே! வாங்கிருவோம்! வேற ஒண்ணும் யோசிக்காண்டாம். அந்தச் சரிவுல ஏறும்போ ஒடம்ப முன்னால சாச்சேன். அதுவும் என்கூடச் சாயுது! எறங்கும்போ பின்னால சாஞ்சேன், பூ மாதிரி எறங்குது. ரெண்டு தென்னைக்கு நடுவுல போனேன் பாத்துக்கிடுங்க, முட்டு ஒரசல. இருவது வருசமா நா ஓட்டுனது வண்டியே இல்ல...

ஜெபமலர்: நல்ல வண்டிதான் அண்ணாச்சி. நான் குத்தம் சொல்லல. ஆனா நீங்க சாயுவீங்க. பின்னால இருக்குதவ சாயுவாளா?

தாணுமாலையன்: எவ?

ஜெபமலர்: எட்டு மாசக்காரி. இல்லன்னா காச்சல்ல பிதற்றிக்கிட்டு இருக்குத கெழவர்.

தாணுமாலையன்: என் இடுப்பப் பிடிச்சுக்கிட்டு இருந்தா போதும்.

ஜெபமலர்: இருக்குமா? பரீட்ச பண்ணிப் பாத்துரலாம். சார், நீங்க ஒரு உபகாரம் செய்யணும்.

அனந்தபத்மநாபன்: என்ன?

ஜெபமலர்: நீங்க பின்னால ஏறுங்க. எட்டு மாசம்னு நெனச்சுக்கோங்க.

அனந்தபத்மநாபன்: நானா! பிள்ளத்தாச்சியா! நன்னாருக்கே... எங்க வலியசாலைல ஒருத்தன் காதுல விழுந்தாப் போறும், தெருவுல தல காட்ட முடியாது.

தாணுமாலையன்: வயிறு கரெக்டா இருக்கு சாமி.

அனந்தபத்மநாபன்: ஓய்! இது எங்காத்து பாகீரதி கையால இருபத்தஞ்சு வருஷம் சாப்பிட்ட வயிறாக்கும். கேலி வேண்டாம்.

ஜெபமலர்: ஒரே ஒரு சுத்து சார். உங்களுக்கு வலி. உங்க கையில பலம் இல்ல. அத மட்டும் மறந்துராதீங்க.

அனந்தபத்மநாபன்: ஷரி... மெதுவா ஓட்டும் ஓய். வேஷ்டிய மடிச்சுக் கட்டிக்கறேன். ஆங்... ரைட்.

தாணுமாலையன்: பிடிச்சுக்கிடுங்க.

அனந்தபத்மநாபன்: பலம் இல்லன்னு சொன்னாளே.

தாணுமாலையன்: கொஞ்சம்போலப் பிடிச்சுக்கிடுங்க.

ஜெபமலர்: அந்த மணல் மேட்டுல ஏத்துங்க அண்ணாச்சி! நேரா இல்ல, சரிவா! நம்ம பாதை அப்படித்தான... இன்னும் கொஞ்சம்... சார், பாத்து... ஐயோ!

அனந்தபத்மநாபன்: பத்மநாபா!

தாணுமாலையன்: சாமி! சாமி, அடி பட்டிச்சா?

அனந்தபத்மநாபன்: மணல்தானே... ஒண்ணும் இல்ல. இவர் அந்தப் பக்கம் சாஞ்சார். நான் பயத்துல இந்தப் பக்கம் சாஞ்சேன். வண்டிக்கு யார் பேச்சக் கேக்கறதுன்னு தெரியல, பாவம். கைய எடுங்கோ சிஸ்டர், நான் பொழச்சுக்குவேன். கொழந்ததான் என்னாச்சோ.

ஜெபமலர்: பாத்தீங்களா அண்ணாச்சி.

தாணுமாலையன்: சாமிக்குப் பழக்கமில்ல, அதான். ஒரு துணியால என்னோட சேத்துக் கட்டிட்டா...

ஜெபமலர்: கட்டினா, வண்டி கவுந்தா ரெண்டு பேரும் சேந்து அடியில போவீங்க. சரி, கட்டினதாவே இருக்கட்டும். நான் எங்க இருப்பேன்?

தாணுமாலையன்: நீங்க கீழ டிஸ்பென்சரில தயாரா நில்லுங்க. நா கொண்டாந்து சேத்துருதேன்.

ஜெபமலர்: அஜிதா டிஸ்பென்சரி வரைக்கும் காத்துக்கிட்டா இருந்தா? அந்தப் பெரிய வண்டின்னா, ஓட்டுறவர் பக்கத்துல ஆள உக்காத்தி பெல்ட்டு போட்டுரலாம். பின்னால தொட்டியில நான் முட்டு போட்டு இருந்து, கைய நீட்டித் தோளப் பிடிச்சுக்கலாம். ரத்தம் போச்சுன்னா குளுக்கோஸ் பாட்டில அந்தக் கம்பியில மாட்டலாம். படுக்க வைக்கணும்னா தொட்டியில பாய விரிக்கலாம். வாங்க அண்ணாச்சி, அதையும் ஒரு சுத்து ஓட்டிப் பாருங்க.

தாணுமாலையன்: அது வேண்டாம்.

ஜெபமலர்: ஓட்டாம எப்படி வேண்டாம்னு சொல்றீங்க?

தாணுமாலையன்: பாத்தாலே தெரியுது. கனம் ஜாஸ்தி. சேத்துல மாட்டுனா யாரு தள்ளுவா?

அனந்தபத்மநாபன்: நாலு சக்கரமும் இழுக்கும் ஓய் அது. லோ கியர் இருக்கு. எறக்கத்துல பிரேக்கே மிதிக்க வேண்டாம், இஞ்சினே பிடிச்சுக்கும்.

தாணுமாலையன்: இருக்கட்டும் சாமி. நா அதுல ஏற மாட்டேன்.

ஜெபமலர்: ஏன் அண்ணாச்சி? சும்மா ஒரு...

தாணுமாலையன்: ஏற மாட்டேன்னு சொன்னேம்லா! ...கோவிச்சுக்கிடாதீங்க சிஸ்டரே. அதக் கண்டாலே எனக்கு வெப்ராளம், ஒரு பதட்டம். விட்டுருங்க.

அனந்தபத்மநாபன்: இப்ப என்ன பண்றது? வண்டிய யார் ஓட்டிக் காட்டறது? எனக்கு ஸ்கூட்டரே தகராறு.

ஜெபமலர்: சார், பக்கத்துச் சீட்டுல ஏறுங்க. பெல்ட்டப் போடுங்க. அண்ணாச்சி, கொஞ்சம் தள்ளி நில்லுங்க.

தாணுமாலையன்: சிஸ்டரே, நீங்க அங்க என்னத்துக்கு ஏறுதீங்க? அது டிரைவரு சீட்டு... சாவியத் திருப்பாதீங்க! விளையாட்டில்ல! ஏய்... ஏய்... பிரேக்கு வலது காலு! சாமி, கைப் பிரேக்க இழுங்க!

அனந்தபத்மநாபன்: வழிய விட்டு நில்லும் ஓய்!

தாணுமாலையன்: மேட்டுக்குக் கொண்டு போவாதீங்க! அங்கனதான் சாமி விழுந்தது... யம்மா... ஏறிட்டே... சரிவுல சரிவாட்டே போவுதே... திருப்பாத, திருப்பாத... திருப்பிட்டா!

அனந்தபத்மநாபன்: டிரைவர்! இங்க பாரும், ரெண்டு கையையும் விட்டுட்டேன்! விழலையே!

தாணுமாலையன்: பாறையும் மண்ணும் மாதிரி ஒட்டிக்கிட்டுல்லா எறங்குது... நில்லு, நில்லு... நின்னுட்டு. என் காலுக்கு ஒரு சாண் முன்னால நின்னுட்டு.

ஜெபமலர்: ...அண்ணாச்சி. கோவமா?

தாணுமாலையன்: எத்தன நாளா?

ஜெபமலர்: நாலு ஞாயித்துக்கிழமை.

தாணுமாலையன்: பேட்டைல தங்கச்சி?

ஜெபமலர்: தங்கச்சி இருக்கா. ஆனா நான் போகல. இங்கதான் வந்தேன்.

அனந்தபத்மநாபன்: மொதல் நாள் அந்த வேலிய இடிச்சா. ரெண்டாம் நாள் என்னையே இடிக்கப் பாத்தா. மூணாம் நாள் மழை. மழையானா நல்லதுன்னு சொல்லி, நனைஞ்சுண்டே அந்த மேட்டுல இருபது தடவ ஏறி எறங்கினா. எங்க ரிசார்ட்டுல எத்தனையோ வெள்ளைக்காரன் ஓட்டிப் பாத்திருக்கேன். இந்த மாதிரி வண்டியோட பேசிண்டே ஓட்டற ஒருத்தரப் பாத்ததில்ல.

தாணுமாலையன்: சரிவுல ஸ்டீரிங்க ஒடிக்காமப் பிடிச்சீங்க பாருங்க... எனக்கு அது கைவர மூணு வருசம் ஆச்சு. எங்கிட்ட ஏன் சிஸ்டரே சொல்லல?

ஜெபமலர்: நம்ம தோட்டத்து வேலாயுதன பாம்பு கடிச்ச அன்னிக்கு நீங்க ரேஷன் எடுக்க வித்துரா போயிருந்தீங்க. ஞாபகம் இருக்கா?

தாணுமாலையன்: ஆளு பொழச்சாம்லா.

ஜெபமலர்: பொழச்சார். காலு போச்சு. உங்கமேல தப்பில்ல அண்ணாச்சி. ஒரு மனுஷன் ரெண்டு எடத்துல இருக்க முடியுமா? அன்னிக்கே நெனச்சேன், எஸ்டேட்டுல ரெண்டாவதா ஒரு ஆளுக்கு வண்டி தெரியணும்னு. ஆனா உங்ககிட்ட வந்து, நீங்க மட்டும் போதாதுன்னு எப்படிச் சொல்ல? அதான் மறச்சேன்.

தாணுமாலையன்: ...கொள்ளாம். நல்லா மறச்சீங்க.

அனந்தபத்மநாபன்: டிரைவர், நான் ஒண்ணு சொல்லட்டுமா? வியாபாரத்துக்காகச் சொல்லல, பிள்ளத்தாச்சியாச் சொல்றேன். அதுல ஏறினப்போ எனக்கு உம்ம முதுகுதான் தெரிஞ்சுது. நடுக்கடல்ல தனியா விட்ட மாதிரி இருந்துது. இதுல பக்கத்துல ஒரு மொகம் இருக்கு. பயந்தா திரும்பிப் பாக்கலாம். அவாளும் நம்மளத் திரும்பிப் பாப்பா.

தாணுமாலையன்: அதான் சாமி வேண்டாம்னேன்.

அனந்தபத்மநாபன்: எது?

தாணுமாலையன்: அந்தத் திரும்பிப் பாக்குதது.

ஜெபமலர்: அண்ணாச்சி... இப்படி நெழல்ல உக்காருங்க. தண்ணி குடிங்க.

தாணுமாலையன்: நீங்க எஸ்டேட்டுக்கு வாரதுக்கு ஒரு வருசம் முன்னால சிஸ்டரே. என் வீட்டுக்காரி ரத்னாபாய்க்கு நெஞ்சு வலி. நாற்காலியில எறக்கி, ஜீப்புல முன் சீட்டுல, என் பக்கத்துலதான் உக்காத்துனேன். எஸ்டேட்டுக் கேட்டத் தாண்டும்போ என்னமோ சொன்னா. இஞ்சின் சத்தத்துல கேக்கல. 'என்னட்டி'ன்னு திரும்பிப் பாத்தேன். சிரிச்ச மாதிரி இருந்து. சரி, வலி கொறஞ்சிருக்குன்னு நெனச்சுட்டேன்...

ஜெபமலர்: அண்ணாச்சி.

தாணுமாலையன்: வித்துரா வர பேசிக்கிட்டே ஓட்டுனேன் சாமி. மகளுக்கு மாப்பிள பாத்தது, சோப்பு வாங்க மறந்தது, எல்லாம் பேசுனேன். ஆசுபத்திரி வாசல்ல எறக்கும்போதான் தெரிஞ்சுது, நா யாருக்குப் பேசிக்கிட்டு வந்தேன்னு.

அனந்தபத்மநாபன்: இன்னும் கொஞ்சம் தண்ணி குடியும் ஓய்.

தாணுமாலையன்: அதுக்குப் பொறவு ஜீப்புல யார ஏத்துனாலும் பின்னாலதான் ஏத்துவேன். முன் சீட்டுல எப்பவும் ஒரு சாக்கு கெடக்கும், நீங்க பாத்திருப்பீங்க. இந்தக் குவாட்டக் கண்டதும் மனசு துள்ளிச்சு. நோவு பின்னால இருக்கும், வழி முன்னால இருக்கும். மொகம் தெரியாது. அதான்... வேற ஒண்ணுமில்ல.

ஜெபமலர்: எனக்குத் தெரியாமப் போச்சே அண்ணாச்சி. தெரிஞ்சிருந்தா உங்கள அதுல ஏறுங்கன்னு இத்தன தடவ சொல்லியிருக்க மாட்டேன்.

தாணுமாலையன்: யாருக்குமே தெரியாது. சொல்லுததுக்கு என்ன இருக்கு?

அனந்தபத்மநாபன்: மனசக் கலக்கிட்டீர் ஓய்... அங்க பாருங்கோ, கேட்டுல லாரி. மூணாறுக்காரா அரைமணி முன்னாடியே வந்துட்டா. நான் போய்ப் பேசிண்டு நிக்கறேன். நீங்க முடிவு பண்ணுங்கோ.

ஜெபமலர்: நில்லுங்க சார். முடிவு பண்ணியாச்சு. சின்னதையே எடுத்துக்கிறோம்.

அனந்தபத்மநாபன்: எந்தா! நாலு வாரம் மழைல நனைஞ்சு கத்துண்டுட்டு...

தாணுமாலையன்: சிஸ்டரே, எனக்காகச் சொல்லாதீங்க.

ஜெபமலர்: உங்களுக்காக மட்டும் இல்ல அண்ணாச்சி. இன்னொண்ணு இருக்கு. ஒத்துக்க மனசு வராம இத்தன நேரம் நானே என்னைய ஏமாத்திக்கிட்டு இருந்தேன். ஆமைப்பாறை வளைவு. ஓணத்துக்கு முன்னால பேண்டேஜ் துணியப் பிடிச்சு நானே அளந்தேன். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். நடுவுல நாலரை அடி. இந்தப் பெரிய வண்டி அஞ்சடி.

அனந்தபத்மநாபன்: அரை அடிதானே...

ஜெபமலர்: கருங்கல்லு சார். வெடி வைக்க வனத்துறைக்காரங்க சம்மதிக்க மாட்டாங்க. பிறகு யாராவது ஒடச்சுத் தந்துருவாங்கன்னு நெனச்சேன். யாரு ஒடைப்பா? அதுக்கப்புறம் மேல ஏற எனக்கு ஒரு தேவையும் வரல, ஆண்டவர் புண்ணியம். ஆனா பாறை என்ன கரைஞ்சா போயிருக்கும்? மேல ஏறாத வண்டிய வாங்கி டிஸ்பென்சரி வாசல்ல நிறுத்தி என்ன செய்ய? மனசெல்லாம் பெரிசுமேலதான். இருந்தாலும்... சின்னது போகும். அதுலயே கத்துக்குவோம். சாவியக் குடுங்க சார்.

அனந்தபத்மநாபன்: டிரைவர், நீர் என்ன சொல்றீர்? உமக்குப் பிடிச்சதே அமைஞ்சுடுத்து. சந்தோஷம்தானே? வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லும். நான் அவாகிட்ட பெரிச ஏத்தச் சொல்லிடறேன்.

தாணுமாலையன்: ஏத்தச் சொல்லாதீங்க சாமி... இப்ப போய் அளந்து பாருங்க சிஸ்டரே, அஞ்சே முக்கால் அடி இருக்கும். பெரிய வண்டிதான் வேணும்னு நீங்க எஸ்டேட்டுக் கம்மிட்டியில சொன்னீங்களே, அதுக்கு மறுநாள் வேல முடிஞ்சு உளியும் சுத்தியலுமாப் போய் இருந்தேன். ரெண்டு மாசமாச்சு. மேல் டிவிஷன் பொம்பளைகதான் சல்லிய அள்ளுனாளுவ, உங்ககிட்ட மூச்சு விடப்புடாதுன்னு சத்தியம் வாங்கிட்டேன். ஜாக்கி வழுக்கிட்டுன்னு சொல்லி உங்ககிட்ட மருந்து வச்சுக் கட்டுன கையாக்கும் இது. பாறைய ஒடைக்க எனக்குப் பயமில்ல, அந்தச் சீட்டுக்குப் பக்கத்துல உக்காரத்தான் பயம்... சரி, இன்னைக்கு நீங்க ஓட்டுங்க, பக்கத்துல நா இருந்து வாரேன்.